சோப்புக் கோட்டையில் முதலியார் வாள்

காலை பத்தேகால். கண்ணாடிப் பெட்டி பூட்டியபடியே இருந்தது. உள்ளே வாள் இல்லை; அதற்குச் சூட்டிய பூமாலை மட்டும் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"ஐயோ, நல்லூர் அரசர் எங்கட முதலியார் பரம்பரைக்குத் தந்த வாள்!" கல்யாணப் பெண்ணின் தகப்பன் ஸ்ரீஸ்கந்தராசா நெஞ்சில் கைவைத்தார். அரச பரம்பரைக்கு எல்லாரும் எடுக்கும் ஸ்காபரோ மண்டபம் பொருந்தாது என்றுதான் இந்த ரொறன்ரோக் கோட்டையை வாடகைக்கு எடுத்திருந்தார். கோட்டையைக் கட்டியவன் ஒரு சோப்பு வியாபாரி என்பதை மட்டும் அழைப்பிதழில் போடவில்லை.

"ஒரு சாவி உங்களிட்டை, மற்றது காவலாளியிட்டைத்தானே? பொலிசைக் கூப்பிடுவம்," என்றார் சண்முகநாதன். மாப்பிள்ளையின் மாமன், லண்டன் அருங்காட்சியகமொன்றில் பழைய ஆயுதங்களைச் சோதிப்பவர். சாப்பாடு முடிய வாளைக் கையிலெடுத்துப் பார்க்கவேண்டும் என்று விடியவே சொல்லிவைத்திருந்தார்.

காவலாளி கஸ்பர் விருந்தாளிகளுக்குள் நின்ற யோகராணியிடம் ஓடினான். "யோகராணி அக்கா, பொலிஸ் வந்தால் என்னை வேலையால நிப்பாட்டிப்போடுவினம். பிறகு மனுசி பிள்ளையளை எப்பிடி ஸ்பொன்சர் பண்ணி இஞ்சை எடுக்கிறது?"

காப்புறுதி நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைத் துருவுவது யோகராணியின் தொழில்.

"வாசலால ஆரும் வெளிய போனவையோ?"

"ஒருத்தரும் இல்லை அக்கா."

அவள் ஸ்ரீஸ்கந்தராசாவிடம் திரும்பினாள். "அண்ணை, கடைசியா வாளைத் தொட்டது ஆர்?"

"நான்தான். சந்தனம், குங்குமம் வச்சுப் பூட்டினன்."

"பிறகு?"

"சும்மா மேல்மாடி பாத்தன்."

"இன்சூரன்ஸ்?"

"அரச சொத்துக்கு இன்சூரன்ஸோ, தங்கச்சி!"

யோகராணி மேலே ஏறினாள். சுவர் முழுக்க ஸ்கொட்லாந்துப் பிரபுக்களின் வாள்கள் என்றது பலகை. வரிசையில் ஒரு பிரபுவின் வாள் மட்டும் சந்தனக் குங்குமப் பொட்டோடு தொங்கியது.

இறங்கிவந்து ஸ்ரீஸ்கந்தராசாவைத் தூணோரம் அழைத்தாள். "கள்ளன் எண்டால் முதல்ல பொட்டைத்தான் துடைச்சிருப்பான். மகளின்ரை கழுத்தில தாலி ஏற முந்திக் குங்குமத்தை அழிக்கப் பயப்பிட்டவர் நீங்கள். மாலையைக் கழட்டின கைக்குப் பொட்டைத் துடைக்க மனம் வரேல்லை. சாவி உங்கட மடியில."

ஸ்ரீஸ்கந்தராசாவின் பரம்பரை முழுவதும் ஒரு கணத்தில் வியர்த்தது. "ஒஷாவா மலிவுச் சந்தையில வாங்கினது, தங்கச்சி. உந்த லண்டன்காரன் கண்டால் மானம் போயிடும்."

"உங்கட மானம் போனால் ஒரு கிழமைக் கதை. கஸ்பருக்கு வேலை போனால் குடும்பமே வராது. மைக்கைப் பிடியுங்கோ."

பிடித்தார். "பாதுகாப்புக்கு நான்தான் மேலை வச்சனான். தம்பி கஸ்பர், குறை நினையாதை." நாதஸ்வரக்காரர் மூச்சுவிட்டார். முகூர்த்தம் தப்பவில்லை.

சாப்பாடு முடிந்ததும் சண்முகநாதன் பூதக்கண்ணாடியோடு மேலே போனார். நீண்டநேரம் கழித்துச் சிரித்தபடி வந்தார்.

"உங்கட வாள் புதுசு, சம்பந்தி. ஆனால் கவலைப்படாதேங்கோ. அந்தச் சுவரில தொங்குறது எல்லாமே அதே பட்டறைதான்."

ஸ்ரீஸ்கந்தராசா மெல்ல நிமிர்ந்து, சால்வையைச் சரிசெய்தார். ஸ்கொட்லாந்துப் பிரபுக்களோடு தம் குடும்பத்துக்கு வாள்வழி உறவு உண்டென்று பின்னேரத்துக்குள் மண்டபமே அறிந்திருந்தது.