தண்ணீரில் கழுவின புகை

நோன்பு திறக்க இன்னும் கால்மணி நேரம் இருந்தது. அடுப்படியிலிருந்து வந்த பருப்புச் சூப்பின் வாசனைக்கு நடுவே, மெல்லிசாக, இனிப்பாக, ஆப்பிள் புகையின் வாசனையும் கலந்து வந்தபோது முஹன்னத் தலையைத் தூக்கி மோந்து பார்த்தான். மஃரிப் பாங்கு சொல்வதற்குள் அம்மான் நகரத்தில் எவன் ஹூக்கா பற்றவைப்பான்? அதுவும் இந்த வீட்டில்?

தம்பி தைம் போய் எட்டு மாதம். பதினாலு வயசுப் பையன், சின்னதிலிருந்தே இளைப்பு. மொட்டைமாடியில் அவன் கையில் குழாயைத் திணித்து, "தண்ணியில கழுவித்தானேடா வருது, ஒண்ணும் பண்ணாது, இழு" என்று சொன்னவன் முஹன்னத்தான். அன்றைக்கே மூச்சடைத்துச் செத்தான் தைம். கபுரடியில் நின்று, இனிப் புகையைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான் அண்ணன். உம்மாவிடம் உண்மையைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை, பாவி.

பால்கனியில் தண்ணீர் கொப்பளித்தது. குளுகுளு. குளுகுளு.

போய்ப் பார்த்தான். துணி சுற்றிப் பரணில் போட்டிருந்த ஹூக்கா, இரண்டு மெத்தைகளுக்கு நடுவே நின்றது. கரி சிவந்திருந்தது. பயத்தைவிட, எட்டு மாத ஏக்கம் தொண்டையை அரித்தது. வெட்கங்கெட்ட கை குழாயை எடுத்தது. வாய்முனை ஈரமாக இருந்தது.

ஒரே இழுப்பு. நோன்பும் போனது, சத்தியமும் போனது.

ஊதினான். அவன் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

எதிர்மெத்தைக்கு மேலே, ஒரு சிறுவனின் வாய் இருக்கும் உயரத்தில், வெறுங்காற்றிலிருந்து புகை வந்தது. விட்டுவிட்டு. பின்னாலேயே இருமல்.

குழாய் இழுபட்டது. புறங்கையில் இரண்டு தட்டு. குழாயைக் கொடுத்தவனுக்கு வாங்குகிறவன் சொல்லும் நன்றி. அந்த மரியாதையைத் தைமுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான்.

"யாருடா இருமுறது?" அடுப்படியிலிருந்து உம்மா. அப்புறம் குரல் உடைந்தது. "டேய், அது எம்புள்ள இருமலுடா!"

செருப்புச் சத்தம் ஓடிவந்தது.

மெத்தைப் பக்கமிருந்து, திணறித் திணறி, ஒரு குரல். "அண்ணா... உம்மாகிட்ட நீ சொல்றியா... நான் சொல்லவா?"

உம்மா பால்கனிக்குள் வந்துவிட்டாள்.

உம்மா அவனைப் பார்க்கவேயில்லை. மெத்தை முன்னால் மண்டியிட்டாள். இளைப்பு வந்தால் முதுகைத் தடவிவிடுவாளே, அப்படியே கையை நீட்டினாள். கை காற்றில் எதன் மேலோ பதிந்து, அதன் மூச்சோடு அசைந்தது. ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது.

மூச்சு நின்றுவிட்டது.

கையை எடுக்காமலே, உம்மா மெல்லத் தலையைத் திருப்பி ஹூக்காவைப் பார்த்தாள், பிறகு முஹன்னத்தைப் பார்த்தாள்.