கக்கூஸில் ஒரு செருமல்

வீட்டுக்குப் பின்னாலிருந்த கக்கூஸ் கதவை றலியா தட்டினாள். உள்ளே யாரோ செருமினார்கள்.

உள்ளே இருக்கும்போது வாய் திறந்து பேசக்கூடாது, செருமித்தான் ஆள் இருப்பதைக் காட்ட வேண்டும்; மடவளையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் அது. மாமியாராக இருக்கும் என்று எண்ணி, மஃரிப் தொழுகைக்கு முந்திய மங்கலில், தகரக் கூரையில் மழை இரைய, ஈர மண்ணும் பாக்குமரத்துப் பாசியும் கலந்து மணக்க, அரிக்கன் லாம்போடு ஒதுங்கி நின்றாள்.

அடிவயிறு பிழிந்தது.

மலேரியா வந்த வருஷத்திலிருந்து இதே தொல்லை. மாமியார் ஜின் தொட்டிருக்கிறது என்றார். கண்டியில் டொக்டர் நோனா சிரித்தாள். "மூத்திரப்பை தன்பாட்டுக்கு இறுகுது, அவ்வளவுதான். வந்தா ஓடாதீங்க. அப்படியே நின்டு, கீழ இறுக்கிப் பிடிச்சி, மெதுவா மூச்சு விடுங்க. அடங்கினதும் நடங்க."

றலியா டொக்டரைத்தான் நம்பினாள். ஜின் என்பதை நம்பினால் தன் உடம்புக்குள்ளேயே எப்படிக் குடியிருப்பது?

நின்றாள். இறுக்கினாள். மூச்சு விட்டாள். அடங்கியது.

"மகள், மழையில நனையாம வாங்களே," என்று குசினியிலிருந்து மாமியார் கூப்பிட்டார். யன்னலில் அவர் பக்கத்தில் புருஷன் ஸெய்னுலாப்தீன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் வேறு யாருமில்லை.

றலியா கதவை நெருங்கினாள். மறுபடி தட்டினாள். பதிலில்லை. தள்ளினாள். உள்ளே ஒருவருமில்லை. மழைச் சத்தம்தான் அப்படிக் கேட்டிருக்கும். திரும்பிப் போயிருப்பாள், ஆனால் அடிவயிறு மறுபடி பிழிந்தது. மூத்திரப்பைக்குப் பயம் தெரியாது, அவசரம்தான் தெரியும்.

இடது காலை வைத்து நுழைந்து, லாம்பை ஆணியில் மாட்டி, கொண்டியைப் போட்டாள். குந்தி, இரு கைகளையும் எதிர்ச் சுவரில் ஊன்றினாள். வரவில்லை. இறுக்கம் மட்டும் கூடியது. மெதுவாக மூச்சு விட்டாள்.

நிறுத்தினாள்.

மூச்சு விடும் சத்தம் நிற்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. "றலியா, உள்ளுக்கு நீதானே?" ஸெய்னுலாப்தீன்.

வழக்கமாவது ஒன்றாவது. கத்தத்தான் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

அவள் பிடரிக்குப் பின்னால் யாரோ செருமினார்கள்.

"சரி, ஆறுதலா வா," என்றான் அவன். மிதியடிச் சத்தம் குசினிப் பக்கம் போய்த் தேய்ந்தது.

அடிவயிறு மறுபடி இறுகியது. குனிந்து பார்த்தாள். அதன்மேல் ஐந்து விரல்கள். மெதுவாகப் பிழிந்தன.

அவளுடைய இரண்டு கைகளும் சுவரில் இருந்தன.