இரண்டாவது முடிச்சு

புட்டை வாயில் வைத்து மெல்லத் தொடங்கியபோது, வலது காதுக்கு முன்னால், தாடை வந்து பொருந்துகிற இடத்தில் 'டக்' என்றது. கல் அகப்பட்டுவிட்டது என்று உதயகலா துப்பிப் பார்த்தாள். கல் இல்லை. வாயை இறுக மூடிக்கொண்டு, மெல்லாமல், அசையாமல் காத்திருந்தாள். மூடிய வாய்க்குள் அது இன்னொரு தரம் கேட்டது.

சத்தம் அவளுக்குப் புதிதில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் வலி காதுக்குள் ஏறிக் கன்னப்பொறி வரை பிடித்து இழுக்க, கொக்குவிலில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் டவுனுக்குப் போனாள். பல் டொக்டர் ஷெரோன் வயதில் சின்னப் பிள்ளை. உறை போட்ட விரல்களைக் காதோரம் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து மூடச் சொன்னாள்.

"மூட்டுக்கு இடையிலை மெத்தை மாதிரி ஒரு சவ்வு இருக்கு, அன்ரி. அது விலகித் திரும்பி வரேக்கைதான் உந்தச் சத்தம். நித்திரையிலை பல்லைக் கடிக்கிறீங்கள் போலை, எல்லாம் தேஞ்சு கிடக்கு. மனசிலை ஏதும் யோசினை இருக்கோ?"

"அக்கா செத்துப் போய் இருவது நாள்."

"அதுதான். கவலைக்காரர் கன பேருக்கு இது வாறது."

கஞ்சி போல மெதுவான சாப்பாடு, சுடுதண்ணி ஒத்தடம், நித்திரைக்குப் போகும்போது மேற்பல்லில் மாட்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். "பெரிசாக் கொட்டாவி விடாதேங்கோ. திறந்த வாய் மூடேலாமப் போனா, நாடிக்குக் கீழை துணி குடுத்து உச்சியிலை கட்டிக்கொண்டு உடனை வாங்கோ."

எழுந்து கதவு வரை போன உதயகலா திரும்பினாள். "டொக்டர், செத்த ஆக்களின்ரை தாடை சத்தம் போடுமோ?"

ஷெரோனின் பேனை நின்றது. "எனக்குத் தெரியாது அன்ரி. நான் உயிரோடை இருக்கிறவையின்ரை வாயைத்தானே பாக்கிறன்."

கேட்டிருக்கவே கூடாது. பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்தபடி அக்கா செத்த அந்தக் காலையை அவள் நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். அது யாரால் முடிகிறது?

கலியாணம் கட்டாத அக்கா, தங்கை இருவருக்கும் அந்த வீடு போதுமாக இருந்தது. அக்கா பூரணம் படுக்கையில் விழுந்து ஒரு வருடம். அன்று தேத்தண்ணியோடு போனபோது மூச்சைக் காணவில்லை. மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள். தலைக்கு மேலே ஃபான் சுழன்றுகொண்டிருந்தது; விரலில் பட்டது எந்தக் காற்று என்று யார் கண்டது? டொக்டரைக் கூப்பிடுமுன் கனடாவில் இருக்கும் தம்பி சுரேசுக்குப் போன் எடுத்துச் சொன்னாள். அவன் வீடியோவில் பார்த்துவிட்டு அழுதான். பிறகு சொன்னான், "பெரியக்காவின்ரை வாய் திறந்து கிடக்கு, சின்னக்கா. வடிவாக் கட்டிவிடுங்கோ. பத்து நிமிசத்திலை திரும்ப எடுக்கிறன், இஞ்சை எல்லாரும் பாக்க வருகினம்."

புது வெள்ளை வேட்டியைக் கிழித்தாள். கைப் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். கால்விரல்களையும் கட்டினாள். பிறகு நாடிக்குக் கீழே துணியைக் கொடுத்து உச்சியில் ஒரு முடிச்சுப் போட்டாள்.

டக்.

துணி நகத்தளவு நெகிழ்ந்தது. அவிழ்த்து, மூச்சைத் திரும்பப் பார்த்திருக்க வேண்டும். போன் அடித்துக்கொண்டிருந்தது. உதயகலா பல்லைக் கடித்துக்கொண்டு, அதன் மேலேயே இரண்டாவது முடிச்சைப் போட்டு இறுக்கினாள்.

"இப்ப வடிவா இருக்கு" என்றான் சுரேஸ். அந்த நகத்தளவை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஒரு கிழமை கழித்துக் கிடைத்த பல்தட்டைப் போட்டுப் படுத்த மூன்றாம் நாள் காலை, குழாயடியில் அதைக் கழுவும்போது வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். கீழ்ப்பற்களின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. நடுவில் இரண்டு பல்லுக்கு இடம் வெறுமை. உதயகலாவுக்குக் கீழ்ப்பல் ஒன்றும் விழவில்லை. நாக்கால் தடவி எண்ணினாள், எல்லாம் இருந்தன. கிணற்றடியில் விழுந்து கீழ் முன்பல் இரண்டையும் உடைத்துக்கொண்டவள் பூரணம்.

தட்டைப் பெட்டியில் போட்டு, பெட்டியை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். மத்தியானம் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது அலுமாரிக்குள் 'டக்' என்றது.

நாளைக்கு அந்தியேட்டி. முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்தால் எல்லாம் அடங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பின்னேரம் ஒத்தடத்துக்குத் தண்ணி கொதிக்க வைத்தாள். மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. வேலிக்கு அப்பால் யாழ்தேவி ரயில் போகிற அதிர்வில் அடுப்படித் தட்டுகள் மெல்லக் கிணுகிணுத்தன. அவளுக்குக் கொட்டாவி வந்தது. அடக்கிப் பார்த்தாள். அடங்கவில்லை.

வாய் திறந்தது. மூடவில்லை.

இரண்டு கையாலும் தள்ளினாள். அசையவில்லை. வீணீர் வடிந்து சட்டையை நனைத்தது. கூப்பிட்டால் ஆ என்ற சத்தம் மட்டும்தான். துணி. டொக்டர் சொன்ன துணி. அலுமாரியைத் திறந்தாள். கைக்கு முதலில் அகப்பட்டது, அந்த வேட்டியின் மிச்சம்.

நாடிக்குக் கீழே கொடுத்தாள். உச்சியில் ஒரு முடிச்சு.

டக்.

தாடை வந்து பொருந்தியது. வலி விட்டது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. இனி ஒளிக்க ஏலாது. சுரேசுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். இப்போதே.

போன் அடித்தது. அவன்தான்.

சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தாள். துணி விடவில்லை. முடிச்சை அவிழ்க்கக் கைகளை உச்சிக்குக் கொண்டுபோனாள்.

அங்கே கைகள் இருந்தன.

குளிர்ந்த கைகள். தடவினாள். நடுவில் ஒரு துணிக் கட்டு. பெருவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டிய கட்டு.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. மிச்ச எட்டு விரல்களும் துணியின் இரண்டு நுனிகளையும் எடுத்து, அவசரப்படாமல், இரண்டாவது முடிச்சைப் போட்டு இறுக்கின.