எனக்கு ஒண்ணுமில்ல!

போன் அலறியது!

மருத்துவமனையின் தலைக்காயப் பிரிவில் உளவியலாளராக இருக்கும் அவளை வார்டு முழுக்க 'கேள்வித்தாள் மேடம்' என்றுதான் கூப்பிடும். கேள்வித்தாள் நீட்டாமல் அவள் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்வதில்லை என்று பேச்சு.

"மேடம், இன்ஸ்பெக்டர் பேசறேன். ஒரு கொலை முயற்சி!"

"செத்தது யாரு?"

"முயற்சின்னேனே! புருஷன் உயிரோடதான் இருக்கார். பொண்டாட்டி மேல புகார். ஆனா ஸ்கூட்டர் சறுக்கி விழுந்து தலையில பலமா அடிபட்ட ஆளு. அவர் சாட்சியை நம்பலாமான்னு நீங்கதான் சொல்லணும்."

"ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க."

"அந்தம்மா எதுக்கு?"

"அடிபட்டவங்க தன்னைப் பத்திச் சொல்றதை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது சார். வீட்டு ஆளு சொல்றதையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்."

வந்தார்கள்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நெற்றியில் நீளமாகத் தையல் தழும்பு. மனைவி பள்ளிக்கூட டீச்சர். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

"தூங்கிட்டிருந்தேன் மேடம்! கேஸைத் திறந்து விட்டுட்டு, கதவை வெளியில பூட்டிட்டுப் போயிட்டா! பக்கத்து வீட்டம்மா வாசனை பிடிச்சு ஓடி வரலைன்னா எனக்குச் சங்குதான்!"

"பொய்! நான் அடுப்பைத் தொடவே இல்ல. இவரே திறந்துட்டு மறந்திருப்பார்."

"நீங்க திறந்ததைப் பக்கத்து வீட்டம்மா ஜன்னல் வழியாப் பார்த்திருக்காங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

மேடம் இரண்டு தாள்களை நீட்டினாள். இரண்டும் புருஷனைப் பற்றி. ஒன்றை அவன் நிரப்ப வேண்டும். இன்னொன்றை மனைவி.

மறதி? 'எப்போதும்' என்று எழுதியிருந்தான். கோபம்? 'எப்போதும்'. தூக்கக் கேடு? 'சில சமயம்'.

மனைவி எழுதியதும் அச்சு அசலாக அதேதான்!

"மறதி இருந்தாலும் தன் குறை என்னன்னு இவருக்கு நல்லாத் தெரியுது. பக்கத்து வீட்டம்மா சொன்னதும் ஒத்துப்போகுது. சாட்சியை நம்பலாம்."

இன்ஸ்பெக்டரின் கை விலங்கைத் துழாவியது. டீச்சரின் முகம் வெளிறியது.

"அநியாயம் சார்! கேஸ் திறந்திருந்தா எனக்கு வாசனை வந்திருக்காதா? ஒண்ணுமே வரலையே!"

மேடத்தின் பேனா நின்றது.

"ஸ்கூட்டர் சறுக்கினப்போ நீங்க எங்கே இருந்தீங்க?"

"பின் சீட்ல. கொஞ்ச நேரம் மயக்கம், அவ்வளவுதான். எனக்கு ஒண்ணுமில்ல."

ஒண்ணுமில்ல...!

மேடம் தினமும் கேட்கிற வார்த்தை. வார்டில் படுத்திருப்பவர்களில் பாதிப் பேர் அதைத்தான் சொல்கிறார்கள்.

புதிதாக இரண்டு தாள்கள் வந்தன. இந்த முறை இரண்டும் மனைவியைப் பற்றி.

டீச்சர் மளமளவென்று முடித்தாள். மறதி? இல்லை. கவனச் சிதறல்? இல்லை. வாசனை தெரிவதில் சிக்கல்? இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே 'இல்லை'.

புருஷன் எழுதியதோ வரிக்கு வரி 'எப்போதும்'. அழுத்தி எழுதியதில் தாளே கிழிந்திருந்தது.

"முழுக்க வன்மம் மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இருக்கலாம்."

மேடம் எழுந்து போய்க் குளியலறையிலிருந்து ஒரு பாட்டிலோடு வந்தாள்.

"கண்ணை மூடுங்கம்மா. இது என்ன வாசனை?"

பினாயில்! மூடியைத் திறந்ததுமே, கதவோரம் நின்ற இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு தும்மினார்.

டீச்சர் ஆழமாக முகர்ந்தாள்.

"இன்னும் திறக்கலையா மேடம்?"

மேடம் பாட்டிலை மூடினாள்.

"சார், விலங்கை உள்ளே வைங்க. இவங்க பொய் சொல்லல. அன்னிக்கு அடிபட்டது ரெண்டு தலை. எல்லாரும் பார்த்தது ஒண்ணைத்தான்."

அன்று மாலை ஸ்கேனும் அதையே சொன்னது. மூளையின் முன்பக்கத்தில் காயம். கேஸைத் திறந்தது ஞாபகமில்லை, வாசனையும் தெரியவில்லை. இரண்டும் போனதே அவளுக்குத் தெரியாது!

லிஃப்ட் மெக்கானிக் உடைந்து போனான்.

"ஆஸ்பத்திரியில கண்ணு மூடாம என்னைப் பார்த்துக்கிட்டவ மேடம்... அவளைப் போய் ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தேனே!"

குலுங்கிக் குலுங்கி அழுதான்.

டீச்சர் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அழாதீங்க. உங்களுக்குச் சரியாயிடும். நான் பார்த்துக்கறேன்... எனக்குத்தான் ஒண்ணுமில்லையே!"

மறுவாரம் மறுபடியும் போன் அலறியது.

"மேடம், இன்ஸ்பெக்டர். உங்க கேள்வித்தாள்ல ஒண்ணைச் சுட்டுட்டு வந்து வீட்ல நிரப்பிப் பார்த்தேன். எல்லாமே 'இல்லை'!"

"சந்தோஷம் சார். உங்களைப் பத்தி உங்க மனைவி நிரப்பினாங்களா?"

எதிர்முனையில் நீண்ட பெருமூச்சு.

"நிரப்பிட்டே இருக்கா மேடம்... அடிஷனல் ஷீட் கேட்கறா!"