நியான்கள் ஒதுங்கிய மூலை

காலையில் தொட்டியின் விளக்கைப் போட்டபோது நியான் மீன்கள் எல்லாம் இடது மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. நீந்தவில்லை. நீல வரிகள் ஒரே திசையில் அடுக்கிவைத்த ஊசிகளைப்போல, துடுப்பை மட்டும் அசைத்தபடி நின்றன. தூவிய தீனி அவற்றின் தலைக்கு மேலே மிதந்து, ஊறி, கனத்து, யாரும் தீண்டாமல் மணலுக்கு இறங்கியது.

ஆய்வாளர் குனிந்து பார்த்தார். எடை அளவுத் துறையில் ஆய்வாளர் அவர். சந்தைக்குள் தான் கால் வைத்தால் தராசுத் தட்டுகள் தாமாகவே நேராகிவிடும் என்று அவரே சொல்லிக்கொள்வார். உலகத்தில் ஏமாற்றுகிறவர்களும், ஏமாறுகிற முட்டாள்களும்தான் உண்டு. இரண்டிலும் சேராத ஒரே ஆள் தான்தான் என்பது அவருடைய கணக்கு.

மீன் விஷயத்திலும் அப்படித்தான். கடைக்காரன் எதைக் காட்டினாலும் "சாது சார், ஒண்ணும் பண்ணாது" என்பான். முதலைக்குட்டியைப் பையில் கட்டிக் கொடுத்தாலும் அதையே சொல்வான். அவன் பேச்சை நம்பி ஆய்வாளர் ஒரு நத்தைகூட வாங்கியதில்லை. நியான் மாதிரி சின்ன, சாதுவான மீனோடு எதைச் சேர்த்து விடலாம் என்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் வாயைப் பார்க்க வேண்டும். குணம் அப்புறம்தான், எதிரே இருப்பது வாய்க்குள் நுழையும் என்றால் எந்தச் சாதுவும் விழுங்கிவிடும். அதுவும் இன்றைய வாயைப் பார்க்கக் கூடாது, வளர்ந்தபின் அது என்ன வாய் ஆகும் என்று பார்க்க வேண்டும். பிறகு தண்ணீர் ஒத்துப்போகுமா, ஒன்று நீந்தும் உயரத்தில் இன்னொன்று குறுக்கிடுமா என்பதெல்லாம். இத்தனையையும் தாண்டித்தான் மணலைக் கிளறித் திரியும் கோரி மீன்களும், கட்டைவிரல் அளவிலான கௌராமி மீன் ஜோடியும் அந்தத் தொட்டிக்குள் இடம் பெற்றிருந்தன.

அவற்றோடு ஓர் ஏஞ்சல் மீனும் இருந்தது. அது அவர் தேர்ந்தெடுத்தது அல்ல. மெத்தை வாங்கி வந்தது.

மெத்தை என்பது அவர் மனைவியின் தம்பி. வேலையும் போய், வாடகை வீடும் போய், தோளில் ஒரு பையோடு அக்கா வீட்டுக்கு வந்து கூடத்தில் படுத்தவன். எந்நேரமும் படுத்தே கிடந்ததால் அந்தப் பெயரை ஆய்வாளரே வைத்தார். அவன் காதுபடவே கூப்பிட்டார். அக்கா மகள் பாப்பாவுக்குப் பிடிக்குமே என்று அவன் அந்த ஏஞ்சலை வாங்கி வந்த அன்று அவருக்கு வந்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

"பட்டம் மாதிரி அழகா இருக்குன்னு வாங்கிட்டியா மாப்ளே? இன்னிக்கு இது இத்தனூண்டு. வளந்துச்சுன்னா நியானை ஒவ்வொண்ணா கொறிச்சுத் தள்ளும். மூளைன்னு ஒண்ணு இருந்தா கேட்டுட்டு வாங்கியிருப்ப."

"கடைக்காரர் சாதுன்னு சொன்னாரு அத்தான்."

"சொல்லுவான். உன்னையும் சாதுன்னுதான் உங்கக்கா சொன்னா. இப்போ சோத்துப் பானை என்ன ஆச்சுன்னு பாரு."

பாப்பாவின் முகத்துக்காக அன்று விட்டுவைத்த ஏஞ்சலை இப்போது வலையில் அள்ளி வாளிக்கு மாற்றினார். சாயங்காலத்துக்குள் நியான்கள் பரவிவிடும் என்று நினைத்தார். பரவவில்லை. மறுநாள் கௌராமிகளை எடுத்தார். முட்டையிடும் காலத்தில் அவை கொஞ்சம் முறைக்கும். அதற்கும் பலனில்லை. கோரிகளை எடுத்தார். தண்ணீரைப் பாதி மாற்றினார், கல்லைப் புரட்டிப் பார்த்தார், விளக்கைத் தணித்தார். வாளிகளில் அந்தந்த மீன்கள் சுகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. தொட்டிக்குள் நியான்கள் மட்டுமே மிச்சம், அப்படியும் இடது மூலையை விட்டு அவை நகரவில்லை.

தொட்டி கூடத்துச் சுவரோரம் இருந்தது. அதன் வலப்பக்கத்தில் பாப்பாவின் அறை வாசல். அந்த வாசலுக்குக் குறுக்கேதான் சில நாட்களாக மெத்தை தன் பாயைப் போட்டுக்கொள்கிறான்.

அன்று மாலை வெளியே மழை பிடித்திருந்தது. மனைவி ஆஸ்பத்திரியில் செவிலி. மதிய ஷிப்டுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. பாப்பா சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே தூங்கிப்போயிருந்தாள். தொட்டியின் மோட்டார் சின்னக் குமிழிகளைக் கக்கிக்கொண்டிருந்தது. அதற்கடியில், பிரிட்ஜின் உறுமலுக்கும் மழைக்கும் நடுவில், நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுப்பதுபோல ஒரு சத்தம் அவ்வப்போது வந்து போனது. சுவரில் ஈர ஓதம் ஏறியிருக்கும். வீட்டைக் கட்டியவன் திருடன், சிமெண்டில் பாதி மணலைக் கலந்தவன். பாப்பா அறையின் கதவு நிலைகூட ஊறி உப்பிவிட்டது. கைவைத்தால் மரம் வெதுவெதுவென்றிருக்கிறது. முன்பு இறுக்கமாக மூடிய கதவு இப்போது இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு ஆடுகிறது. பச்சை மரத்தை இழைத்து மாட்டியிருப்பான் அயோக்கியன்.

"இவ்ளோ பெரிய கூடம் கெடக்க, அந்த வாசப்படியில என்னடா வேலை உனக்கு?" என்றார்.

மெத்தை எழுந்து உட்கார்ந்தான். ஆள் இளைத்திருந்தான். மேலேறிய சட்டைக்குக் கீழே விலாவில் வாசற்படியின் அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது.

"அத்தான், சிரிக்க மாட்டேன்னா ஒண்ணு சொல்றேன்."

"சிரிக்கிறதும் சிரிக்காததும் நீ சொல்றதப் பொறுத்தது."

"நம்ம வீட்ல பல்லி இருக்கா? பாத்தீங்களா? ஒண்ணுகூட இல்ல. அதுக்கப்புறம் எலி. அடுப்படியில பொறி வெச்சமே, ஒரு எலியும் வர்றதில்ல. போன வாரம் பக்கத்து வீட்டுப் பூனை இந்த ரூமுக்குள்ள போச்சு. நான்தான் பாத்தேன். உள்ள போன பூனை வெளிய வரல அத்தான். ஜன்னலும் சாத்தியிருந்துச்சு."

"ஆக, பூனையக் காணோம்னு அய்யா இங்க காவலுக்குப் படுத்திருக்கீங்க."

"சின்னதுல ஆரம்பிச்சு பெருசு பெருசா முழுங்குது. என் அளவுக்கு இன்னும் ஆகல. குறுக்க படுத்திருந்தா அதால ஒண்ணும் பண்ண முடியல. ராத்திரியெல்லாம் மேலயும் கீழயும் அழுத்திப் பாக்குது. பாப்பா சின்னவ அத்தான். அவ போயிடுவா."

ஆய்வாளர் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "வேலை தேடச் சொன்னா, வாசப்படிய முட்டுக்கொடுக்குற வேலைய நீயே உண்டாக்கிக்கிட்டியாடா!" என்றார். சிரித்து முடித்தபோதுதான் அது அவருக்குப் பட்டது.

நியான்கள் ஒதுங்கியிருப்பது இடது மூலையில். அதாவது, அந்த வாசலிலிருந்து ஆக எட்டத்தில். அத்தனை கண்களும் பார்ப்பது கண்ணாடிக்கு வெளியே. தொட்டிக்குள் பொருந்தாத மீன் என்று எதுவுமே இல்லை. பொருந்தாதது வெளியே, கண்ணாடியோரம், பகலும் இரவும் புரண்டுகொண்டு கிடக்கிறது. சின்ன மீன்களுக்கு முகத்தருகே ஆடும் பெரிய நிழலைவிட வேறென்ன பயம்? இத்தனை நாள் பாவம், ஏஞ்சலை வாளியில் அடைத்தோம்! அவருக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்தது.

"கெளம்பு" என்றார்.

"அத்தான்?"

"பையை எடு. பஸ் ஸ்டாண்டோ, உன் சிநேகிதன் வீடோ, எங்கயாவது போ. உன்னால என் மீன் பட்டினி கெடக்குது."

மெத்தைக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அவன் கெஞ்சினான். சோற்றுக்காகக் கெஞ்சுகிறவன் குரல் அல்ல அது. ஆய்வாளர் அதைக் கவனிக்கவில்லை. "அக்கா வர்ற வரைக்கும் மட்டும். வேணாம், நான் போறேன், பாப்பாவையாவது உங்க ரூம்ல படுக்க வைங்க." கடைசியில் அவன் சமையலறை மர பெஞ்சை இழுத்து வந்து வாசலுக்குக் குறுக்கே வைத்தான். ஆய்வாளர் அதைக் காலால் உதைத்துத் தள்ளினார். அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்துத் தெருவாசல் வரை கொண்டுபோய் மழைக்குள் விட்டு, தாழ்ப்பாள் போட்டார். வெளியே கதவைத் தட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது. "எடுத்துட்டு வந்துருங்க அத்தான், அவள எடுத்துட்டு வந்துருங்க" என்று அவன் கத்துவதும் கேட்டது. அப்புறம் மழை மட்டும் கேட்டது.

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்தார்.

ஒரு நியான் மூலையிலிருந்து பிரிந்தது. பின்னால் இன்னொன்று. பிறகு ஊசிக்கட்டு அவிழ்ந்ததுபோல எல்லாமே தொட்டி முழுக்கச் சிதறி, செடிக்குள் நுழைந்து வெளியேறி, வலது கண்ணாடிவரை வந்து அதை மூக்கால் உரசின. அவர் தீனியைத் தூவினார். அடித்துப் பிடித்துக்கொண்டு தின்றன.

அந்த நிமிடத்தில் ஊரிலேயே அவரைப்போல் சந்தோஷமான ஆள் இருந்திருக்க முடியாது. போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, தம்பி போன் பண்ணினான். அழுவுறான். என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. மீனுக்குப் பிடிக்காத ஒண்ண எடுத்து வெளிய போட்டேன். வந்து பாரு, தொட்டி திருவிழா மாதிரி இருக்கு."

"பாப்பா ரூம் வாசல்ல இப்போ யாரு இருக்கா?"

"நீயுமா?"

"யாரு இருக்கான்னு கேக்குறேன்ல!" அவள் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிப் படிகளில் இறங்கி ஓடுகிறாள்போல் இருந்தது. "அவள தூக்கி மடியில வச்சுக்கோங்க. நான் வர்றேன். தயவுசெஞ்சு இப்பவே தூக்குங்க."

"அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே தறியில நெய்ஞ்ச மூளை" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

வைத்த பிறகுதான் கூடம் எவ்வளவு அமைதியாகிவிட்டது என்று தெரிந்தது. அந்த நாக்குச் சத்தம் நின்றிருந்தது. மழை நேரத்துக் குளத்தின் அடிச்சேறு மாதிரி ஒரு வாசனை, இனிப்பும் அழுகலும் கலந்து, வெதுவெதுவென்று முகத்தில் பட்டது, பட்டு, பின்வாங்கியது, மறுபடி பட்டது. தொட்டித் தண்ணீர் என்று அவர் நினைத்தார். குனிந்து தொட்டியை முகர்ந்தார். தொட்டியில் வாசனையே இல்லை.

நியான்கள் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பது எதுவுமில்லை என்பதுபோல. பார்த்துக்கொண்டிருந்த ஒன்று, வேறு பக்கம் திரும்பிவிட்டதுபோல.

"பாப்பா?"

தூங்குகிறாள். தூங்கத்தானே செய்வாள்.

"பாப்பா, அப்பாதாண்டா."

அறைக் கதவு உள்பக்கமாக மடங்கியிருந்தது. சாய்ந்து அல்ல. சுவரோடு சுவராக, பல் இல்லாத ஈறு மடங்குவதுபோல மடங்கியிருந்தது. நிலை முன்பைவிட உயரமாக இருந்தது. அகலமாகவும். அளவெடுத்தே பழகிய கண் அது. பொய் சொல்லாது.

முட்டாள் பயல் பேச்சைக் கேட்டு நானும் பயப்படுகிறேனே என்று தன்னையே ஏளனமாகத் திட்டிக்கொண்டார். திட்டியது உதடு வரை வரவில்லை.

கட்டிலில் பாப்பா இல்லை.

கட்டிலுக்கு அப்பால், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், அறையின் ஆகத் தூரமான மூலையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு. இரண்டு கையையும் நெஞ்சில் இறுக்கிக்கொண்டு. கண் திறந்திருந்தது. அழவில்லை.

உயிரோடு இருக்கிறாள். அது போதும்.

"வாடா கண்ணு. அப்பாகிட்ட வா."

அவள் தலையை மெதுவாக ஆட்டினாள். வேண்டாம் என்று. வராதே என்று.

அவர் வாசற்படியில் கால் வைத்தார். அது அமுங்கியது. ஈரம். சூடு. விரல்களுக்கு இடையில் அது லேசாகத் துடித்தது.

அடுத்த காலையும் வைத்துவிட்டிருந்தார்.

பாப்பா அவரைப் பார்க்கவில்லை. அவருக்கு மேலே பார்த்தாள். பிறகு அவருக்குக் கீழே. மறுபடி மேலே.

கூடத்து விளக்கின் வெளிச்சம் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து, மகளுக்குப் பின்னாலிருந்த சுவரில் வாசலின் உருவத்தை நீள்சதுரமாக விழ வைத்திருந்தது. நடுவில் அவர் நிழல். அவர் நகரவில்லை. நிழலும் நகரவில்லை. வெளிச்சத்தின் மேல் விளிம்பு மட்டும் வளைந்து, மெதுவாக, நிழலின் தலையை நோக்கி இறங்கியது. கீழ் விளிம்பு ஏறியது.