குமிழி நிற்கும் வரை

அந்த ஒலிப்பதிவுக் கூடத்தை இடிப்பதற்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, நானும் என் தங்கையும் அங்கே போய்ச் சேர்ந்தோம். நான் கிட்டார் பழுது பார்ப்பவன். அவள் ஓர் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறவள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சான்றிதழில் மட்டும்தான் பார்க்கலாம்.

சனிக்கிழமை அவளுக்கு மேடை. அவளுடைய கிட்டாரில் ஒலியைப் பிடிக்கும் பிக்கப் தகரத்தைத் தட்டுவது போல ஒலிக்கிறது, மாற்றிக்கொடு என்று ஒரு மாதமாக என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். பழைய சாமான்களில் நல்லதாக ஒன்று கிடைக்கும் என்றுதான் போனோம்.

உள்ளே சுவர் முழுக்கக் கம்பளம் ஒட்டியிருந்தது. பேசினால் பேச்சு காலடியிலேயே விழுந்து செத்தது. நனைந்து காய்ந்த கம்பளியின் வாடை. காவல்காரர் ஓர் அட்டைப்பெட்டியைக் காலால் எங்கள் பக்கம் தள்ளினார்.

"வேணுங்கிறதை எடுத்துக்குங்க. எல்லாம் குப்பைக்குப் போறதுதான்."

"இவ்ளோ பெரிய எடத்துல தனியா இருக்கீங்களே, போர் அடிக்காதா அண்ணே?" என்றாள் வாயாடி.

"ஆளுக்குத்தான் பஞ்சம். பேச்சுக்குப் பஞ்சமில்ல பாப்பா."

அவர் சிரிக்கவில்லை. நாங்கள் சிரித்தோம். பெட்டியின் அடியில் கனமான கறுப்புப் பிக்கப் ஒன்று இருந்தது. எடுத்துக்கொண்டோம். அவர் தம் தொலைபேசி எண்ணை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, நான் கேட்காமலே என் சட்டைப்பையில் வைத்தார்.

பிக்கப் என்பது கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தம். அதைச் சுற்றி, முடியைவிட மெல்லிய செம்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்று ஓடும். கிட்டாரின் கம்பி அதிர்ந்தால் அது மின்சாரமாகி ஒலிபெருக்கிக்குப் போகும். மனிதக் குரல் அதற்குக் கேட்கக் கூடாது. பழசாகிச் சுற்று தளர்ந்துவிட்டால் மட்டும் காது முளைத்துவிடும். பக்கத்தில் பேசுவதெல்லாம் ஒலிபெருக்கியில் வரும். அதற்கு வைத்தியம் மெழுகு. வெந்நீருக்குள் வைத்த பாத்திரத்தில் மெழுகை உருக்கி, அதில் பிக்கப்பை அமிழ்த்த வேண்டும். சுருளுக்குள் இருக்கும் காற்று குமிழி குமிழியாக வெளியேறும். கடைசிக் குமிழி நிற்கும் வரை எடுக்கக் கூடாது. இது தொழிலின் சட்டம். பதினெட்டு வருடத்தில் நான் ஒரு முறையும் மீறியதில்லை.

பிற்பகல் மூன்று மணி. வெயில் என் வேலைமேசை வரை வந்திருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தேன். சுருள் எங்கும் அறுபடவில்லை. ஒலிபெருக்கியில் இணைத்து விரலால் தட்டினேன். டொக் என்றது. வாயாடி குனிந்து, "ஹலோ, ஹலோ, எங்கண்ணன் ஒரு கஞ்சன்," என்றாள். ஒலிபெருக்கி அதை அப்படியே ஊருக்குச் சொன்னது.

"காது முளைச்சிருக்கு. மெழுகுல போட்டாதான் அடங்கும்," என்றேன்.

"என்னை மாதிரியா?"

"உன்னை அடக்க எந்த மெழுகும் பத்தாதுடி."

அப்போது ஒலிபெருக்கியில் யாரோ மூச்சு விட்டார்கள்.

மெதுவாக. நீளமாக.

"ரேடியோ அலை. பழைய சுருள் பிடிக்கும்," என்றேன். அது உண்மைதான், பல முறை பார்த்திருக்கிறேன்.

"இன்னும் பேசு," என்றது ஒலிபெருக்கி.

ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல். ஏதோ நாடகம் ஓடுகிறதென்று வாயாடிக்கு ஒரே சிரிப்பு. "என்ன பேசணும்?" என்று பிக்கப்பிடம் கேட்டாள்.

"எல்லாம்."

நான் இணைப்புக் கம்பியைக் கழற்றினேன். பயத்தால் அல்ல, வேலைக்கு நேரமாகிறதென்று.

மூன்று இருபதுக்கு மெழுகில் இறக்கினேன். குமிழிகள் வந்தன. வாயாடி முக்காலியில் உட்கார்ந்து சனிக்கிழமைப் பாட்டு, மேடையில் போடும் உடுப்பு, டிரம்ஸ் வாசிக்கிறவனின் மீசை என்று அடுக்கிக்கொண்டே போனாள். வழக்கமாக இருபது நிமிடத்தில் குமிழி நின்றுவிடும். அன்று நிற்கவில்லை. அரை மணி ஆயிற்று. நாற்பது நிமிடம் ஆயிற்று. அவ்வளவு சின்ன சுருளுக்குள் எங்கிருந்து இவ்வளவு காற்று?

"அண்ணா, தொண்டை என்னமோ கரகரங்குது."

"இப்படிப் பேசினா கரகரங்காம? கொஞ்ச நேரம் வாயை மூடு."

அவள் மூடவில்லை. குரல் கம்மியது, பிறகு கிசுகிசுப்பானது. நான் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்திருக்கலாம். குமிழி வந்துகொண்டிருந்ததே என்று எடுக்கவில்லை.

நான்கு ஏழுக்குக் கடைசிக் குமிழி வந்தது. மற்றவற்றைவிடப் பெரியது. உடைந்தபோது அதற்குள்ளிருந்து "அண்ணா" என்று கேட்டது.

திரும்பினேன்.

வாயாடியின் உதடுகள் ஓடிக்கொண்டிருந்தன. சத்தம் இல்லை.

நான்தான் செவிடன் போல நடிக்கிறேன் என்று நினைத்து அவள் என் முதுகில் ஓர் அடி வைத்தாள். அடியின் சத்தம் கேட்டது. அப்போதுதான் அவளுக்கும் விளங்கியது.

புதன்கிழமை டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, "தொண்டை கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கு," என்றார். வியாழக்கிழமை அவளே ஒரு நோட்டில் எழுதி நீட்டினாள்: பாடத்தான் முடியாது, வாசிக்கவாவது செய்கிறேன், பிக்கப்பை மாட்டு. மாட்டினேன். கிட்டாரை ஒலிபெருக்கியில் இணைத்தேன். கம்பியில் கை வைக்கும் முன்பே குரல் வந்தது.

"அண்ணா, லைட்டைப் போடு. இருட்டா இருக்கு."

அவளுடைய குரல். அவள் என் பக்கத்தில், இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"எங்கடி இருக்க?" என்று கேட்டேன்.

"கம்பளம் ஒட்டின ரூம். நெறைய பேர் இருக்காங்க. என்னைப் பேசு பேசுங்கிறாங்க. எடுண்ணா என்னை."

துண்டுச்சீட்டைத் தேடியெடுத்துக் காவல்காரருக்குப் போன் செய்தேன். கட்டடம் காலையிலேயே தரைமட்டமாகிவிட்டதாம். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"இப்படி ஆகும்னு தெரியாதுங்க. நான் அதுகிட்ட வாயே திறந்ததில்ல."

"மெழுகை உருக்கினா வெளிய வருமா?"

"மெழுகு இளகும் தம்பி. உள்ள இருக்கிறவங்க இளகணுமே," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

உருக்குவதற்கு எனக்குக் கை வரவில்லை. இறுகிய மெழுகை மறுபடி சூடாக்கினால் உள்ளே இருக்கும் கம்பி இழுபட்டு அறுந்துபோகலாம். அறுந்தால் அவள் குரல் வரும் அந்த ஒரே வழியும் அடைபடும். ஆகையால் தினமும் காத்திருந்து கேட்டேன். கேட்டதை எழுதி வைத்தேன். வெள்ளிக்கிழமை அந்தக் குரல் என்னைப் பதினொரு முறை "அண்ணா" என்றது. சனிக்கிழமை நான்கு முறை. அன்று மேடையில் வேறொரு பெண் பாடினாள். என் தங்கை பின்வரிசையில் உட்கார்ந்து பாட்டு முழுவதற்கும் வாயசைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை. திங்கட்கிழமை, உள்ளே யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. என்னைக் கூப்பிடவே இல்லை.

அவள் நோட்டில் ஒரே சொல் எழுதினாள்: உருக்கு.

பிக்கப்பைக் கிட்டாரிலிருந்து கழற்றி உருக்கினேன். மெழுகு இளகியது. ஒரு குமிழிகூட வரவில்லை. ஒரு மணி நேரம், ஒன்றுகூட இல்லை. எடுத்து மீட்டர் வைத்தேன். முள் அசையவில்லை. சுருளுக்குள் எங்கோ கம்பி அறுந்திருந்தது. அறுந்த இடத்தை எந்தக் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது. அறுந்த சுருளிலிருந்து எந்த ஒலியும் வராது. அதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மீட்டரையே திருப்பிக் காட்டினேன். அவள் சத்தமில்லாமல் அழுதாள்.

அப்போது ஒலிபெருக்கியில் பாட்டு கேட்டது.

அதில் எதுவும் இணைக்கப்படவில்லை. ஓடிப்போய்ச் சுவரிலிருந்து மின்கம்பியையும் பிடுங்கினேன்.

பாட்டு நிற்கவில்லை.

"வாயாடி!" என்று கத்தினேன்.

பாட்டு நின்றது.

"யாருங்க?" என்றது என் தங்கையின் குரல்.

"நான்தாண்டி, அண்ணன்."

"எந்த அண்ணன்?"

பக்கத்தில் நின்றவள் என் சட்டையை இறுகப் பிடித்தாள். ஒலிபெருக்கிக்குள், அந்தக் குரலுக்கு மிக அருகில், யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

"யாருமில்ல. நீ பாடு."

பாடத் தொடங்கியது.