நடுச் சட்டத்தில் கடல்

நடுப்படத்தின் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. மெரிடி ஸ்வெட்டரின் கையை உள்ளங்கை வரை இழுத்து அதைத் துடைத்தாள். போகவில்லை. மறுபடி துடைத்தாள், இந்த முறை கொஞ்சம் கோபத்தோடு. அப்போதுதான் தெரிந்தது: ஈரம் அந்தப் பக்கத்தில் இருந்தது.

ஜூலை என்றால் ஆஸ்திரேலியாவில் நடுக்குளிர்காலம், இந்த பாலரட் ஊரில் கண்ணாடி என்று எது இருந்தாலும் அழத்தான் செய்யும், இதற்கெல்லாம் பயப்பட்டால் குளியலறைக்கே போக முடியாது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் இடப்பக்கப் படம் அழவில்லை. வலப்பக்கப் படமும் அழவில்லை. மூன்றும் ஒரே சுவரில், ஒரே உயரத்தில், ஒரே குளிரில்தான் தொங்கின.

விற்பதற்காக ஏலத்துக்கு வரும் வீடுகளை அலங்கரிப்பது அவள் தொழில். அந்தத் தொழிலுக்கு ஒரே வேதம்தான்: வாங்க வருகிறவன் சுவரில் இன்னொருவன் குடும்பத்தைப் பார்க்கக் கூடாது, தன்னை மட்டுமே பார்க்க வேண்டும். ஆகவே குடும்பங்களைக் கழற்றிவிட்டுக் கடலை மாட்டுவாள். சாம்பல் அலை, சாம்பல் மணல், கொஞ்சம் வெளிறிய புல். ஒன்றோடொன்று இழையும் மூன்று படங்கள், சோபாத் தலையணைகளும் அதே நிறத்தில். பாலரட்டிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டும். அதனால் என்ன, அவள் இதுவரை மாட்டிய கடலையெல்லாம் ஒன்றாகக் கொட்டியிருந்தால் ஊரே மூழ்கியிருக்கும்.

இந்த வீட்டில் மட்டும் ஒரு குறுக்குவழி. கிளெனிஸ் ட்ரூவின் என்ற கிழவியின் பலகை வீடு இது. அவள் முதியோர் இல்லத்துக்குப் போனபிறகு மகன் ராஸ் விற்பனைக்குக் கொண்டுவந்தான். கூடத்தில் மூன்று ஓக் மரச் சட்டங்கள் இருந்தன. அளவு வைத்துச் செய்ததுபோல் மெரிடியின் படங்களுக்குப் பொருந்தின. ஒன்றில் கிழவியின் கல்யாணம், ஒன்றில் கணவன், நடுவில் பள்ளிச் சீருடையில், ஒரு திரைக்கு முன்னால் முக்காலிமேல் உட்கார்ந்த ஒரு சிறுமி. அந்தப் புகைப்படங்களைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைக்க யாருக்குப் பொறுமை? சட்டத்தின் பின்பக்கத்தைத் திறந்து, கண்ணாடிக்கும் முகத்துக்கும் நடுவே கடலைச் செருகி மூடிவிட்டாள். சாமர்த்தியம்தான் என்று அன்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

போன சனிக்கிழமை, ஊரார் வந்து பார்ப்பதற்காக வீட்டைத் திறந்து வைத்திருந்தபோது, ஒரு தாதி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கிளெனிஸை அழைத்து வந்தாள். வந்தவர்கள் அலமாரிகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க, கிழவி சுவரை மட்டும் பார்த்தாள்.

“எங்க ஆளுங்க எங்கே?”

மெரிடிக்கு எங்கேயும் ஒரு நகைச்சுவை சொல்லாவிட்டால் நாக்கு அரிக்கும். “எங்கேயும் போகலைம்மா. கடலுக்குப் பின்னாடி தூங்குறாங்க” என்றாள்.

கிழவி சிரிக்கவில்லை. “நடுவுல இருந்தாளே எங்க பொண்ணு ரூத், அவளுக்கு மூச்சு முட்டும் கண்ணு. அதுலதான் போய்ச் சேர்ந்தா. அவ மூஞ்சியை மூடி வைக்கக் கூடாது.”

மெரிடி கல்நெஞ்சுக்காரி அல்ல. மண்டியிட்டுக் கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்குச் சாயங்காலமே எடுத்துவிடுவதாகச் சத்தியம் செய்தாள். கிழவி அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

“உனக்குப் பிள்ளை இருக்கா?”

“ஒரே பொண்ணு. ஜோசி. ஏழு வயசு, முன்பல் ரெண்டும் விழுந்தாச்சு.”

“ரூத்துக்கும் ஏழுதான்.” கிழவி தலையாட்டிக்கொண்டாள். “நல்ல வயசு. சட்டத்துக்குள்ள சரியா அடங்கும்.”

அன்று சாயங்காலம் மெரிடி எடுக்கவில்லை. விளம்பரத்தில் அந்தச் சுவர்தான் முதல் படமாக வந்திருந்தது. நடுவில் ஓட்டை விழுந்தால் வாங்குகிறவன் என்ன நினைப்பான்? ஏலம் முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம். புதன்கிழமை ராஸ் தொலைபேசியில், மழை வந்தது என்று சொல்வதுபோல, அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், ஏலத்தை நிறுத்த வேண்டாம் என்றான்.

இன்று வெள்ளி. விளக்குகளையும் பூக்களையும் வைக்க வந்தவள் பனி படிந்த கண்ணாடிமுன் நின்றாள். வெளியே சாயங்காலம் மூடுபனியாக இறங்கித் தெருவிளக்குகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது; கூடத்தில் புது வண்ணத்தின் வாடைக்கும், வாசனைக்கென்று அவள் ஏற்றிய எலுமிச்சை மெழுகுவர்த்திக்கும் அடியிலிருந்து வேறொன்று மெல்ல எழுந்து வந்தது. யூக்கலிப்டஸ் தைலம். குழந்தையின் நெஞ்சில் சூடு பறக்கத் தேய்த்த தைலம். அதோடு ஒரு சத்தம். முதலில் கணப்பு என்று நினைத்து அதை அணைத்தாள். சத்தம் நிற்கவில்லை. கிழிந்த ஊதலை யாரோ ஊத முயல்வதுபோல, உள்ளே இழுக்கும்போது மட்டும் கேட்கும் சத்தம். அது சுவரிலிருந்து வந்தது. ஏழு வயதுக் குழந்தையின் உயரத்திலிருந்து.

படத்தை இறக்கிப் பின்பக்கத்தைத் திறந்தாள். புகைப்படத்தில் திரை இருந்தது. முக்காலி இருந்தது. முக்காலியின் மேல் யாரும் இல்லை.

பழைய படம், நிறம் மங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஆள் மட்டும் மங்கி முக்காலி மங்காமல் இருக்குமா என்று மனம் கேட்டது. கடல் படத்தை உருவப் பார்த்தாள். ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. இன்னும் இழுத்தால் கிழியும். கிழிந்தால் நாளைக்கு நடுவில் மாட்ட ஒன்றுமில்லை.

“நாளைக்கு,” என்றாள் வாய்விட்டு. “ஏலம் முடிஞ்சதும் எடுத்துடறேன். சத்தியமா.”

அந்த இளைப்பு மூச்சு நின்றது. யாரோ அதைக் காதில் வாங்கிக்கொண்டதுபோல, சட்டென்று.

சட்டத்தைப் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டு, விளக்கைக்கூட அணைக்காமல் வீட்டுக்கு ஓடினாள். ஜோசி தூங்கிவிட்டிருந்தாள். கணவன் கிரேக் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டே, பிள்ளைக்குச் சாயங்காலம் முழுக்க மூச்சு இளைத்ததாகச் சொன்னான். ஜோசிக்கு இளைப்பு ஒரு நாளும் வந்ததில்லை.

“நீதான் தைலம் தேய்ச்சியா? ரூம் பூரா வாசனை,” என்று கேட்டான்.

“நம்ம வீட்டுல தைலமே இல்லையே,” என்றாள் மெரிடி.

“அப்போ ஸ்கூல்ல யாராவது தேய்ச்சிருப்பாங்க.” அவன் அடுத்த தட்டை எடுத்தான்.

அந்த இரவு மெரிடி மகளின் கட்டிலோரம் உட்கார்ந்து, மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். விடியும்போது கண் அசந்துவிட்டது. விழித்தபோது நேரமாகியிருந்தது. போர்வை தலைவரை மூடியிருந்தது. சின்னதாக ஒரு மேடு. அதை விலக்கி ஒரு முத்தம் கொடுக்க நினைத்தாள். வந்து கொடுத்துக்கொள்ளலாம்.

ஏலத்துக்குத் தெருவே திரண்டிருந்தது. வாங்குகிறவர் இரண்டு மூன்று பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் அக்கம்பக்கம், தங்கள் வீடு என்ன விலை போகும் என்று மனதுக்குள் கணக்குப் போட வந்தவர்கள். ஏலக்காரர் வார்விக் புல்வெளியில் நின்றுகொண்டு, இந்த வீட்டின் கூரை தன் தலையைவிட நல்ல நிலையில் இருப்பதாகச் சொல்லி வழுக்கையைத் தடவினார். சிரிப்பு எழுந்தது. மெரிடி உள்ளே நின்றாள்.

நடுக்கண்ணாடி முழுதும் பனி.

வீட்டுக்குத் தொலைபேசினாள்.

“ஜோசி எழுந்துட்டாளா?”

“யாரு?”

“விளையாடாதே கிரேக். ஜோசி.”

“உன்கிட்ட புதுசா வேலைக்குச் சேர்ந்த பொண்ணா?” அவன் குரல் சந்தோஷமாக இருந்தது. விடுமுறைக் காலையில் எப்போதும் இருப்பதுபோலவே. பின்னால் தேநீர்க் கெண்டி கொதித்தது. “இங்கே எதுக்கு வரப்போறா?”

“நம்ம ஹால் சுவத்துல பாரு. அவ போட்டோ. நடுவுல இருக்குமே.”

நடக்கிற சத்தம். நிற்கிற சத்தம்.

“கடல்தான் இருக்கு மெரி. எப்பவும் இருக்கற மூணு கடல்.”

தொலைபேசி கையிலிருந்து விழுந்தது. சட்டத்தை இறக்கிப் புரட்டினாள். பின்பக்கம் பழைய பழுப்புக் காகிதம் ஒட்டி, ஆணி அடித்து, ஒரு நாளும் திறக்காததுபோல் இறுகியிருந்தது. நகத்தால் கிழித்தாள். நகம்தான் கிழிந்தது. முன்பக்கம் திருப்பினாள். பனிக்குள் ஒரு சின்ன உள்ளங்கை பதிந்தது. அதன் மேலே வாய். முன்பல் இல்லாத வாய்.

பித்தளை விளக்கால் ஓங்கி அடித்தாள். கீறல்கூட இல்லை. தண்ணீரில் அடித்ததுபோல் ஒரு சத்தம்.

“ஒரு தரம்,” என்றார் வார்விக் வெளியே.

கண்ணாடியில் மூச்சு வட்டமாகப் படிந்தது.

மறுபடி அடித்தாள்.

“ரெண்டு தரம்.”

வட்டம் சிறுத்தது.

அவளுக்குப் பின்னால், நடையில், ரப்பர் சக்கரங்கள் பலகைமேல் மெல்ல உருண்டன. அதோடு ஒரு சிறுமி மூச்சு விட்டாள். ஆழமாக. தாராளமாக. நெடுநாள் தாகம் தீரக் குடிப்பதுபோல. மெரிடி திரும்பவில்லை. கண்ணை எடுத்தால் அந்த வட்டம் மறைந்துவிடும்.

“மூணு தரம்.”

கைதட்டல். கண்ணாடி துடைத்துவிட்டதுபோல் தெளிந்தது. சாம்பல் அலை, சாம்பல் மணல்.

வீட்டை வாங்கியவர்கள் உள்ளே வந்தார்கள். இளம் தம்பதி; மனைவி நிறைமாதம். மெரிடியின் கையிலிருந்த சட்டத்தை அவள் ஆசையோடு வாங்கித் தானே நடு ஆணியில் மாட்டி, இரண்டடி பின்னால் நின்று பார்த்தாள்.

“இந்த மூணும் வீட்டோடவே எங்களுக்குத்தானே? இதைப் பார்த்தாலே நல்லா மூச்சு விடற மாதிரி இருக்கு.”

மெரிடி கண்ணாடியருகே குனிந்தாள்.

கண்ணாடியின் கீழ் மூலையில் கடுகளவு பனி வந்தது. போனது.

வந்தது.